முப்பது வினாடி

பஞ்சுத் துண்டை உப்புநீரில் முக்கி
உச்சந்தலைக்கு இடப்புறம் வைப்பேன்,
இன்னொன்று வலப்புருவத்துக்கு மேல்.
கடியப்பட்டணம் பெர்க்மான்ஸ் கேட்டார்,
"கடத்தண்ணியாக்கும்?"
இல்லை, ஆஸ்பத்திரி உப்பு என்றேன்.
"எல்லா உப்பும் அங்கயிருந்துதான் வருது"
என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு மில்லி ஆம்பியர், இருபது நிமிடம்.
எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.
பாதிப்பேருக்கு
முப்பது வினாடியில் எறும்பு செத்துப்போகும்,
பச்சை விளக்கு மட்டும் பொய்யாய் எரியும்.
யாருக்கு நிஜம் யாருக்குச் சும்மா
எனக்கும் தெரியாது.
எண்களை அடைத்த உறை
நெறியாளர் அலமாரியில் இருந்தது.

நாகர்கோவில். மூன்றாம் மாடி.
சன்னலில் ஆரல்வாய்மொழிப் பக்கத்து மலை.
கரண்ட் போனாலும் ஆய்வு நிற்காது,
பெட்டிக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி,
கோயில் கொடைக்கு மைக்கில் போடுவது.
அவ்வளவு சின்னது
ஒரு மண்டையோட்டைத் தாண்டிப் போய்
கையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லுமா?
இதுதான் என் கேள்வி,
நூற்றிருபது பக்கம்.

ஆரோக்கியமானவர்கள் மட்டும் என்று விதி.
கருங்கல் அண்டியாபீசிலிருந்து வந்த லிட்வின் மேரிக்கு
விரல்நுனி பத்தும் கறுத்திருந்தன,
அண்டியெண்ணெய் தின்ற தோல்.
நோய் ஏதாவது?
"நோக்காடு ஒண்ணும் இல்ல. இடுப்பு கழலும்.
அண்டி தல்லுனா எல்லாருக்கும் கழலும்."
'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
பாதிநாள் கூலியை விட்டு
இருநூறு ரூபாய் பயணப்படிக்கு வந்திருந்தார்.

பிடிமானக் கருவியைக் கையில் கொடுத்ததும்
"அழுத்துங்க, அழுத்துங்க, அழுத்துங்க" என்பேன்.
மூன்று முறை. எல்லோருக்கும் ஒரே குரல்.
கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்
ரயில் நிலையத்து அறிவிப்புப் பெண்ணைப்போல.
முதல் நாள் இருபத்தாறு கிலோ.
முள்ளைப் பார்த்தார், பிறகு என்னை.
"இது என்ன விளி மக்களே?
பெலமா விளிச்சாத்தானே பெலமா பிடிக்க முடியும்."

இரண்டாம் நாள் மழை.
பஞ்சை எடுத்ததும்
நெற்றியில் உப்புநீர் வழிந்து
கண்ணோரம் நின்றது.
துடைக்காமலே பிடித்தார்.
எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.
அழுத்துங்க என்றுதான் தொடங்கினேன்,
நாலாம் தடவை, ஐந்தாம் தடவை,
"பிடி அக்கா, விடாதே, பிடி" என்று
கூரை கேட்கக் கத்தினேன்.
பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.
முப்பத்தொன்று.

உறையைப் பிரித்த நாள்
பெர்க்மான்ஸுக்கு நிஜம், அரைக்கிலோ குறைவு.
லிட்வின் மேரிக்குச் சும்மா.
இருபத்துநான்கு பேரையும் கூட்டிக் கழித்தால்
இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும்
கடுகளவு வித்தியாசம்,
அதுவும் தற்செயல் என்றது கணக்கு.
நெறியாளர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்:
ஒன்றுமில்லை என்பதும் ஒரு முடிவுதான், எழுது.

எழுதினேன்.
குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ்
ஆட்கள் போதாது என்று எழுதினேன்,
நாட்கள் போதாது என்று எழுதினேன்.
என் தொண்டையைப் பற்றி எழுதவில்லை.

முடிவைத் தெரிவிப்பதாகப் படிவத்தில் வாக்கு இருந்தது.
போன் போட்டேன்.
பின்னால் கொட்டுவடிகளின் சத்தம்.
"அக்கா, ஒங்களுக்கு வச்சது கரண்ட் இல்ல.
சும்மா."
அவர் பக்கத்துக் கொட்டுவடி மட்டும் நின்றது.
கோபம் என்று நினைத்தேன்.
யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது,
"கேட்டியாட்டீ, சும்மா வச்சதுக்கே முப்பத்தொண்ணு!"
பிறகு என்னிடம்,
"அப்ப, ஒரிஜினல் எப்ப வைப்பிய?"